கூரையை உடைக்கக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

(ஸ்ரீ கெம்பாங்கானில் நடைபெற்ற அங்கத்தினர் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



வாரத்தில் ஒரு நாள் கிடைக்கும் ஓய்வையும் விட்டுவிட்டு, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்க நாம் விரும்பவில்லை. சம்பளப் பேச்சைப் பற்றியோ போனஸைப் பற்றியோ இன்று பேசப் போவதில்லை. அவை முக்கியமான விஷயங்கள்தாம். அவற்றுக்கு வேறொரு கூட்டம் இருக்கிறது. சம்பளம் குறைந்தால் போராடி மீட்டுக்கொள்ளலாம். போன நுரையீரலைப் போராடி மீட்க முடியாது. இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

சென்ற வாரம் நம் அங்கத்தினர் மூவர் சங்கத்துக்கு வந்தார்கள். அவர்கள் இருக்கும் தோட்டத்தில் பழைய லயங்களை இடிக்கப் போகிறார்களாம். அந்த லயங்களின் கூரை, அலை அலையாய் மடிந்த சாம்பல் நிறத் தகடு. குத்தகைக்காரர் ஒருவர் வந்து, "ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஏறி உடைத்துப் போடுங்கள். தகட்டுக்கு இரண்டு வெள்ளி. உடையாத தகடாக இருந்தால் வீட்டுக்கும் எடுத்துப் போகலாம்" என்று சொன்னாராம். "போகலாமா, அண்ணே?" என்று நம்மைக் கேட்டார்கள்.

சங்கத்தின் பதில் ஒரே சொல்தான்: போகக்கூடாது. ஆனால் வெறுமனே "போகாதே" என்று சொல்லிவிட்டுப் போவது துரைமார் வழக்கம், சங்கத்தின் வழக்கமன்று. ஒரு நாளில் நூறு தகடு இறக்கினால் இருநூறு வெள்ளி. நம் வீடுகளில் அது சிறிய பணமல்ல என்பதை நாம் அறிவோம். அந்தப் பணத்தை வேண்டாமென்று சொல்லச் சொன்னால், காரணத்தையும் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் இந்தக் கூட்டம்.

கல்லில் விளைந்த நார்

அந்தத் தகட்டின் பெயர் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட். ஆஸ்பெஸ்டாஸ் என்பது பூமியில் வெட்டி எடுக்கும் ஒரு கல். தமிழில் கல்நார் என்கிறோம். பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. மற்றக் கற்களை உடைத்தால் பொடியாகும். இந்தக் கல்லை உடைத்தால் பஞ்சு போல நார் நாராகப் பிரியும். அந்த நார் நெருப்பில் எரியாது, எளிதில் மக்காது, இழுத்தால் சுலபத்தில் அறாது. வெள்ளை, நீலம், பழுப்பு என்று இதில் பல வகை உண்டு.

இப்படி ஒரு பொருள் கிடைத்தால் முதலாளிகள் விடுவார்களா? சிமெண்டோடு நூற்றுக்குப் பத்துப் பங்கு வாக்கில் இந்த நாரைக் கலந்து கூரைத் தகடு செய்தார்கள். தண்ணீர்க் குழாய் செய்தார்கள். கொதிகலனுக்கும் நீராவிக் குழாய்க்கும் போர்வையாகச் சுற்றினார்கள். லாரியின் பிரேக் கட்டையில் வைத்தார்கள். குழாய் இணைப்பில் நீராவி கசியாமல் இருக்க, இந்த நாரையும் ரப்பரையும் சேர்த்து அழுத்தித் தகடாக்கி வைத்தார்கள். பாருங்கள் தோழர்களே, நாம் விடியற்காலையில் வெட்டிய பாலும் இந்த நாரோடு போய்க் கலந்திருக்கிறது!

நம் நாட்டிலும் இது பரவலாகப் புழங்கிய பொருள்தான். ஒரு பெரிய கம்பெனி தன் பெயரையே 'யுனைடெட் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட்' என்று வைத்துக்கொண்டிருந்தது. பின்னாளில் அந்தக் கம்பெனி கல்நாரை விட்டுவிட்டு மரநாருக்கு மாறிக்கொண்டது. ஆனால் முன்பு விற்ற தகடுகள் கூரைகளில் ஏறி உட்கார்ந்துவிட்டன. மண்ணுக்கடியில் புதைத்த ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தண்ணீர்க் குழாய்களும் இன்னும் கிடக்கின்றன.

இந்த ஸ்ரீ கெம்பாங்கானையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948-இல் அவசரகாலம் பிறந்தது. 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரத்தில் சிதறிக் கிடந்த மக்களைக் கொண்டு வந்து முள்வேலிக்குள் குடியேற்றினார்கள். அப்படி உண்டானதுதான் செர்டாங் புதுக்கிராமம். சுற்றிலும் ஈயச் சுரங்கமும் ரப்பர்த் தோட்டமும் இருந்தன. அந்த ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்துவிட்டன. அப்பன் மரம் வெட்டினான். மகன் பாலக்கோங் தொழிற்சாலையிலும் கட்டடக் குத்தகையிலும் வேலை செய்கிறான். பழைய கட்டடங்களை இடிப்பதே இப்போது ஒரு தொழிலாகிவிட்டது. ஆதலின் பழைய கூரையில் உறங்கும் நார் விழித்துக்கொள்ளும் காலம் இதுதான்.

சரீரத்துக்குள் நடப்பது என்ன?

மரம் வெட்டுகிறவர்களுக்கு இதை விளங்கச் சொல்வது சுலபம். உளியைச் சற்று ஆழமாக ஓட்டிவிட்டால் என்ன ஆகிறது? பட்டைக்கு உள்ளே இருக்கும் மெல்லிய உயிர்த்தோல் காயப்படுகிறது. அன்றைக்குப் பால் வழக்கம்போல மங்கில் விழும். கங்காணியும் சில வேளை கவனிக்கமாட்டார். ஆனால் ஆண்டுகள் கழித்து, புதுப்பட்டை வளர்ந்து, மறுபடி அந்தப் பக்கத்துக்கு வெட்டு வரும்போது பாருங்கள்: முண்டும் முடிச்சுமாய்ப் புடைத்து, உளி ஓட இடமில்லாமல் நிற்கும். காயம் பட்ட நாள் வேறு. காயம் பேசும் நாள் வேறு.

ஆஸ்பெஸ்டாஸ் செய்வதும் அதுவே. தகட்டைச் சுத்தியலால் உடைக்கும்போதும், ரம்பத்தால் அறுக்கும்போதும், துளை போடும்போதும், பாசி பிடித்திருக்கிறதென்று கம்பித் தூரிகையால் தேய்க்கும்போதும் தூசி பறக்கிறது. நாம் கண்ணால் காணும் தூசியை விட, காணாத நார்தான் கொடியது. தலைமயிரை விடப் பல மடங்கு மெல்லிய அந்த நார், மூக்கின் ரோமத்திலும் தொண்டைச் சளியிலும் சிக்காமல் நுரையீரலின் கடைசி அறைவரை இறங்கிவிடும். அங்கே குப்பையை விழுங்கி வெளியேற்றும் காவற்கார அணுக்கள் உண்டு. அவை இந்த நாரை விழுங்கப் பார்க்கின்றன. நாரோ நீளம், முழுவதும் வாய்க்குள் போவதில்லை. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அந்த அணுக்கள் செத்துப்போக, சுற்றிலும் புண் உண்டாகிறது. புண் ஆறித் தழும்பாகிறது. மறுபடி புண், மறுபடி தழும்பு. நார் மக்காது என்று சொன்னோமே, அந்தக் குணமே இங்கே நமக்கு எமன்.

இதனால் வரும் வியாதிகள் முக்கியமாக மூன்று. முதலாவது, நுரையீரல் தழும்பேறிக் கட்டையாகிப்போகும் ஆஸ்பெஸ்டோசிஸ். மூச்சு வாங்கும், நாலு படி ஏறினால் உட்காரச் சொல்லும், வறட்டு இருமல் விடாது. தழும்பை மாற்ற மருந்து கிடையாது. இரண்டாவது, நுரையீரல் புற்றுநோய். மூன்றாவது, நுரையீரலையும் வயிற்றையும் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வில் வரும் புற்றுநோய்; மெசோதீலியோமா என்பார்கள். இந்தக் கடைசி வியாதிக்கு ஆஸ்பெஸ்டாஸைத் தவிர வேறு காரணம் காண்பது அரிது. கண்டுபிடித்த பின் பெரும்பாலோர் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குமேல் தாங்குவதில்லை. இவற்றோடு குரல்வளைப் புற்றுநோயும், பெண்களின் கருப்பைப் பக்கத்துச் சூலகப் புற்றுநோயும் இதனால் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் தீர்மானமாகச் சொல்லியிருக்கிறது.

வியாதி எப்போது வெளிப்படும்? நாரைச் சுவாசித்து இருபது ஆண்டு, முப்பது ஆண்டு, சில வேளை நாற்பது ஆண்டும் ஆகும். இருபது வயதில் கூரையேறிய பையன், பேரப்பிள்ளையைத் தூக்கும் வயதில் படுக்கையில் விழுவான். அந்த ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு வெள்ளியும் அப்போது யார் நினைவில் இருக்கும்?

உலகம் பட்ட பாடு

இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதியன்று. 1924-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் நெல்லி கெர்ஷா என்ற பெண் தொழிலாளி தமது 33-ஆம் வயதில் இறந்தார். ஆஸ்பெஸ்டாஸ் நூற்பு ஆலையில் வேலை செய்தவர். அவர் நுரையீரலைச் சோதித்த டாக்டர் குக், அதில் கல்நார்த் துணுக்குகளைக் கண்டு வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். அந்தக் குடும்பத்துக்கு நஷ்டஈடு கிடைக்கவில்லை. 1930-இல் மெரிவெதர், பிரைஸ் என்ற இருவர் ஆலைகளை ஆராய்ந்து அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார்கள். 1931-இல் அங்கே விதிகள் வந்தன. 1955-இல் ரிச்சர்ட் டால் என்ற டாக்டர், இந்தத் தொழிலாளருக்கு நுரையீரல் புற்றுநோய் மிகுதியாக வருவதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். 1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும், நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியில் 33 பேருக்கு மெசோதீலியோமா கண்டதை எழுதினார்கள். அவர்களில் எல்லாரும் சுரங்கத்தில் இறங்கியவர்கள் அல்லர். பக்கத்தில் குடியிருந்தவர்களும் இருந்தார்கள்.

1965-இல் லண்டனில் நடந்த ஆராய்ச்சியை நம் தாய்மார்கள் கவனித்துக் கேட்க வேண்டும். ஆலைக்குப் போகாத பெண்களுக்கும் இந்த வியாதி வந்திருந்தது. எப்படி? கணவன்மார் வேலையிலிருந்து கொண்டு வந்த தூசி படிந்த உடுப்பை உதறித் துவைத்ததால்! ஆம்பிளை கூரையேறினால் பெண்டு பிள்ளைகள் தப்பித்தார்கள் என்று எண்ணாதீர்கள். நார் சட்டையில் ஏறி வீட்டுக்கு வரும், தொட்டிலுக்கும் வரும்.

நெல்லி கெர்ஷா இறந்தது 1924-இல். இங்கிலாந்து ஆஸ்பெஸ்டாஸை முற்றாகத் தடை செய்தது 1999-இல். இடையில் 75 ஆண்டுகள்! தெரியாததால் தாமதமா? இல்லை, தோழர்களே. தெரிந்தும் தாமதம். இன்று 60-க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. கல்நார் வெட்டி உலகுக்கு அனுப்பிய கனடாவே 2018-இல் தடை செய்தது. ஆயினும், வேலைத்தலத்தில் சுவாசித்த ஆஸ்பெஸ்டாஸால் ஆண்டுதோறும் உலகில் 2,00,000 பேருக்கு மேல் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

தேயிலையைப் பிணை வைத்த கதை

கடல் கடந்த நம் சகோதரர்களின் கதை ஒன்றைச் சொல்கிறோம். இலங்கை அரசாங்கம் 2018-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் இறக்குமதியைத் தடை செய்வதாக முடிவு செய்திருந்தது. அந்நாட்டுக்கு வெள்ளைக் கல்நாரை அனுப்பும் பெரிய நாடு ரஷ்யா. இலங்கைத் தேயிலையை மிகுதியாக வாங்கும் நாடுகளில் ஒன்றும் ரஷ்யாவே. 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கில் ஒரு வண்டு இருந்தது என்று சொல்லி, இலங்கைத் தேயிலை முழுவதற்கும் ரஷ்யா தடை போட்டது. சில தினங்களில் இலங்கை தன் ஆஸ்பெஸ்டாஸ் தடையை ஒத்திவைத்தது. அந்த மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கியது!

வண்டுக்கும் கல்நாருக்கும் என்ன சம்பந்தம் என்று அதிகாரபூர்வமாக எவரும் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை, நடந்த வரிசையைத்தான் சொல்கிறோம். மலையகத்தில் கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண்களின் உழைப்பு ஒரு தட்டில். கூரை போடுகிறவர்களின் நுரையீரல் மறு தட்டில். தராசு எங்கே சாய்ந்தது என்பதைப் பார்த்தீர்கள். தோட்டத் தொழிலாளிக்கு உலக வியாபாரம் புரியாது என்கிறார்கள். அதில் பிணை வைக்கப்படும் சரக்கு நாமாக இருக்கும்போது, புரியாமல் இருக்க முடியுமா?

இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. இந்தியாவின் உச்சநீதிமன்றம் 1995 ஜனவரி 27-ஆம் தேதி, ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளருக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கில் ஒரு தீர்ப்பு வழங்கியது. தொழிலாளியின் ஆரோக்கியமும் வைத்திய உதவியும், வேலையில் இருக்கும்போது மட்டுமல்ல, ஓய்வு பெற்ற பின்னும், உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று சொன்னது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் 40 ஆண்டு காலம் பாதுகாக்க வேண்டுமென்று ஆலைகளுக்குக் கட்டளையிட்டது. நாற்பது ஆண்டு என்றது ஏன்? வியாதி அவ்வளவு காலம் ஒளிந்திருக்கும் என்பதால்தான். ஆனால் அந்த இந்தியா இன்றும் வெள்ளைக் கல்நாரை இறக்குமதி செய்துகொண்டுதான் இருக்கிறது. தீர்ப்பு ஒரு பக்கம்; வியாபாரம் ஒரு பக்கம்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

கிராணிமார் அன்பர்களே, இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் வேலைக்கென்று 1986-ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் தனி விதிகள் இயற்றப்பட்டன. காற்றில் உள்ள நாரை அளக்க வேண்டும், பாதுகாப்பு உடுப்பு கொடுக்க வேண்டும், வைத்தியச் சோதனை செய்ய வேண்டும் என்பன அவற்றில் அடக்கம். 1994-ஆம் ஆண்டு வேலைப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொழிலாளியின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக்கியது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருந்தாக வேண்டும்; அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகலாம் என்ற உரிமை அதில் இருக்கிறது. அப்படி விலகியவரைத் தண்டிக்கக்கூடாது. இடித்த ஆஸ்பெஸ்டாஸின் தூசியும் நாரும் 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி பட்டியலிடப்பட்ட அபாயக் கழிவு. அதைக் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது.

இனி சொக்சோ. 1969-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில், ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் வியாதியும் புற்றுநோயும் தொழில் வியாதிகளாக இடம் பெற்றிருக்கின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் அங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. வேலையில் இருக்கும்போதோ, அந்த வேலையை விட்ட 60 மாதத்துக்குள்ளோ வியாதி கண்டால்தான், அது வேலையால் வந்ததென்று சட்டம் தானாகவே எடுத்துக்கொள்கிறது. இந்த வியாதியோ முப்பது ஆண்டு கழித்து வருவது! அறுபது மாதம் எங்கே, முப்பது ஆண்டு எங்கே? காலம் கடந்து வந்தால், வேலையால்தான் வந்தது என்று காட்டும் பாரம் தொழிலாளியின் தலையில் விழும். எந்த ஆண்டு, எந்த இடம், என்ன வேலை, யார் கொடுத்த சம்பளம் என்று கேட்பார்கள். கையில் காகிதம் இருந்தால் பேசலாம், இல்லாவிட்டால்?

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை வேலையை மறுபடி நினைத்துப் பாருங்கள். செக்ரோலில் பெயர் ஏறாது. சொக்சோ பிடிக்கமாட்டார்கள். கையில் காசு, வாயில் பேச்சு; அவ்வளவுதான். முப்பது ஆண்டு கழித்து அந்தக் குத்தகைக்காரர் எங்கே இருப்பார்? லயம் இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கும். வியாதி மட்டும்தான் சாட்சி சொல்லும். அதன் சாட்சியை யார் ஏற்பார்கள்?

சிலர் கேட்கும் கேள்விகள்

"எங்கள் தாத்தா காலத்திலிருந்து இந்தக் கூரையின் கீழேதான் படுத்தோம்; ஒன்றும் ஆகவில்லையே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. உண்மையை மிகைப்படுத்திப் பயமுறுத்துவது நம் வேலையன்று. உடையாமல், தேயாமல், அசைக்காமல் இருக்கும் தகட்டில் நார் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. அதன் கீழே குடியிருப்பதால் வரும் அபாயம் குறைவு. இன்றிரவே வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. உடைப்பதும் அறுப்பதும் தேய்ப்பதும்தான் அபாயம். எவ்வளவு தூசி, எத்தனை நாள் என்பதற்கேற்ப அபாயம் ஏறும். இவ்வளவுவரை பயமில்லை என்று கோடு கிழித்துக் காட்டவும் வழியில்லை.

"குழாய்த் தண்ணீர் அந்தக் குழாயில்தானே வருகிறது, குடிக்கலாமா?" என்று ஒரு தாயார் கேட்டார். தண்ணீரில் குடிக்கும் நார் புற்றுநோய் தருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லையென்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தாயார் கவலைப்பட வேண்டாம். ஆனால் அந்தக் குழாயைத் தோண்டி எடுத்து அரைவையால் அறுக்கிறானே ஒரு தொழிலாளி, அவனைப் பற்றி நாம் எல்லாரும் கவலைப்பட வேண்டும்.

"வெள்ளைக் கல்நார் சாதுவானது, நீலம்தான் கெட்டது" என்பது வியாபாரிகள் பரப்பும் பேச்சு. எல்லா வகையும் புற்றுநோய் தருபவை என்பதே புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் முடிவு.

"மூக்கில் துணி கட்டிக்கொண்டால் போதாதா?" போதாது. துணியின் கண் வழியே நார் தாராளமாகப் போகும். இதற்கென்று தனி முகமூடி உண்டு. அது முகத்தோடு பொருந்தி உட்கார வேண்டும். அணியவும் கழற்றவும் பழக்க வேண்டும்.

"சிகரெட் பிடிக்கிறவனுக்கு எப்படியும் வரும்தானே?" இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸ் போர்வை கட்டும் தொழிலாளரை செலிகாஃப் என்ற டாக்டரும் அவர் குழுவினரும் பல ஆண்டு ஆராய்ந்து 1979-இல் வெளியிட்டார்கள். இரண்டும் இல்லாதவனோடு ஒப்பிட்டால், நார் மட்டும் சுவாசித்தவனுக்கு நுரையீரல் புற்றுநோயால் சாகும் அபாயம் 5 மடங்கு. சிகரெட் மட்டும் பிடித்தவனுக்குச் சுமார் 11 மடங்கு. இரண்டும் சேர்ந்தவனுக்கு 50 மடங்குக்கும் மேல்! கூட்டலல்ல தோழர்களே, பெருக்கல். முன்பு இந்தத் தூசியில் வேலை செய்தவர்கள் நுரையீரலைக் கழுவ முடியாது. ஆனால் சிகரெட்டை இன்றே நிறுத்த முடியும்.

செய்ய வேண்டியவை

வீட்டுக் கூரை பழைய சாம்பல் தகடாக இருந்தால் அதில் ஆணி அடிக்காதீர்கள், துளை போடாதீர்கள், தீபாவளிக்கு முன் பாசி தேய்க்க ஏறாதீர்கள். பழைய தகடு மொறுமொறுப்பாகி, கால் வைத்தால் முறியும். நார் முப்பது ஆண்டில் கொல்லும். கூரையிலிருந்து விழுந்தால் அன்றே சாவு. புதிய தகடுகளில் கல்நார் இல்லாதவையும் உண்டு. கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. சோதனைச் சாலைதான் சொல்ல முடியும். சந்தேகமிருந்தால் கல்நார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உடைந்த துண்டுகளைக் கோழிக்கூண்டுக்கும் கீரைப்பாத்திக்கும் எடுத்துப் போகாதீர்கள். இலவசமாகத் தரும் தகடு இலவசமன்று. கழிவை அகற்றும் செலவைக் குத்தகைக்காரர் நம் வீட்டு வாசலில் இறக்கிவைக்கிறார் என்று பொருள். கிடக்கும் துண்டைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள்; நனைத்துவிட்டு, பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு, நிர்வாகத்துக்கு எழுதுங்கள்.

இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால் அதற்கு முறை இருக்கிறது. பயிற்சி பெற்ற ஆட்கள் வர வேண்டும். தகட்டை நனைத்து, திருகைக் கழற்றி, முழுத் தகடாக இறக்க வேண்டும். எறியக் கூடாது, உடைக்கக் கூடாது. தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி எழுதி ஒட்டி, உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். வேலை உடுப்பு வீட்டுக்கு வரக்கூடாது; அங்கேயே களைந்து, அங்கேயே குளிக்க வேண்டும்.

முன்பு கொதிகலன் போர்வை பிரித்தவர்கள், பட்டறையில் பிரேக் கட்டை தேய்த்தவர்கள், கூரை வேலை செய்தவர்கள் இங்கே இருந்தால், டாக்டரிடம் போகும்போது "இருமல்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "இன்ன ஆண்டு இன்ன வேலை செய்தேன்" என்று சொல்லுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். தொழில் வியாதி என்று கண்டால் அதை அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டியது 2004-ஆம் ஆண்டு விதிகளின்படி டாக்டரின் கடமை.

கிராணிமார் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டம் விற்கப்படும்போது முதலில் குப்பைக்குப் போவது பழைய செக்ரோல்தான். தயவுசெய்து அதைக் காப்பாற்றுங்கள். யார் எந்த ஆண்டு எந்த வேலையில் இருந்தார் என்ற ஒரு வரி, ஒரு விதவைக்கு ஒரு நாள் பென்ஷன் வாங்கித் தரும். உங்கள் பேனாவின் வலிமை அதுதான்.

சங்கம் எடுக்கும் நடவடிக்கை

அந்தத் தோட்ட நிர்வாகத்துக்குச் சங்கம் கடிதம் எழுதிவிட்டது. கோரிக்கை மூன்று: தகடுகளைச் சோதித்து முடிவை எழுத்தில் தர வேண்டும், கல்நார் என்றால் முறைப்படி இறக்கும் ஆட்களைக் கொண்டே இறக்க வேண்டும், வேலை நடக்கும் நாட்களில் பக்கத்து லயத்துக் குடும்பங்களுக்கு மாற்றிடம் கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால் வேலைப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கு நேரில் போவோம்.

கடைசியாக ஒரு வார்த்தை. நாம் மறுத்துவிட்டால் குத்தகைக்காரர் என்ன செய்வார்? ஒரு லாரியில் வங்காளதேசத் தோழர்களையும் இந்தோனேசியத் தோழர்களையும் ஏற்றிக்கொண்டு வருவார். "நம் பிள்ளை தப்பித்தான்" என்று அன்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோமா? நம் பாட்டனாரையும் ஒரு காலத்தில் கப்பலில் இப்படித்தான் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எவரும் செய்யாத வேலைக்கு. அந்த நினைவு நமக்கு இருக்க வேண்டும். அவர்கள் நுரையீரலும் நம் நுரையீரல் போன்றதே. 2019 முதல் அந்நியத் தொழிலாளருக்கும் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. அவர்களிடமும் போய், தெரிந்த மலாயில் இதைச் சொல்லுங்கள். கூரை முறைப்படி இறங்க வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை. வேறொருவன் தலையில் இறங்க வேண்டும் என்பதல்ல.

யோசனை கேட்க வந்த அந்த மூன்று தோழர்களும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். இருநூறு வெள்ளியைக் கையில் வாங்குமுன் "போகலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டார்களே, அந்தக் கேள்விக்கு நம் பாராட்டு. கேள்வி கேட்கும் தொழிலாளியை ஏமாற்றுவது கஷ்டம். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த லயத்துக் கூரைமீது நம் பிள்ளை ஒருவனும் ஏறக்கூடாது. நம் பிள்ளைக்குப் பதில் வேறு பிள்ளையும் ஏறக்கூடாது.